ருவாண்டா மலைகளில் சைக்கிள்: சரிவு போடும் கணக்கு

ருவாண்டாவின் வடக்கே முசான்சே ஊரிலிருந்து தலைநகர் கிகாலிக்குப் போகும் சாலையில் காலை நேரத்தில் நின்றால் இந்தக் காட்சி தவறாமல் கிடைக்கும். கியர் இல்லாத கறுப்பு சைக்கிள். கேரியரின் மேல் உருளைக்கிழங்கு மூட்டைகள். அவற்றைக் கட்டியிருப்பது கயிறு அல்ல, பழைய டியூபை நீளநீளமாக வெட்டிய ரப்பர் பட்டை. ஓட்டுநர் சீட்டில் இல்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் மூட்டையையும் பிடித்து, உடம்பை முழுதாகச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிறார். மேடு முடிந்ததும் ஏறி உட்காருவார். அப்புறம் வெகுதூரத்துக்குப் பெடலுக்கு வேலையே இல்லை, பிரேக்குக்குத்தான் வேலை.

அதே மேட்டில், இருபத்துச் சொச்சம் கியர் வைத்த மலைச் சைக்கிளில் ஒரு வெளிநாட்டுப் பயணி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார். இருவரும் மல்லுக்கட்டுவது ஒரே மேட்டோடுதான். ஒருவருக்கு அது பிழைப்பு, மற்றவருக்கு விடுமுறை. ருவாண்டாவில் சைக்கிள் பயணம் என்று படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டாமவரைப் பற்றித்தான். மூட்டைக்காரரை விட்டுவிட்டால் அந்த நாட்டின் பாதைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதே புரியாது என்பது என் எண்ணம்.

முதலில் நிலம். ருவாண்டாவை 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆயிரத்தில் நிற்காது. பரப்பளவு 26,338 சதுர கிலோமீட்டர்தான். அதன் மிகத் தாழ்வான இடமே, தென்மேற்கில் ருசிசி ஆற்றங்கரை, கடல் மட்டத்திலிருந்து 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே விருங்கா எரிமலைத் தொடரில் கரிசிம்பி சிகரம் 4,507 மீட்டர். கிகாலி ஏறக்குறைய 1,500 மீட்டர். கிழக்கே அககேரா புல்வெளிப் பக்கம் கொஞ்சம் சமதளம் உண்டு. மற்ற இடங்களில் ஒரு கிலோமீட்டர் சேர்ந்தாற்போல் சமமான சாலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இத்தனை மேடுபள்ளம் வந்ததற்குக் காரணம் ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளந்துகொண்டிருப்பது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளை ருவாண்டாவின் மேற்கு எல்லையை ஒட்டிப் போகிறது. பிளவின் நடுப்பகுதி அமிழ்ந்தபோது ஓரம் உயர்ந்தது. அமிழ்ந்த பள்ளத்தில் தேங்கியதுதான் கிவு ஏரி. அதன் நீர்மட்டமே 1,460 மீட்டர். உயர்ந்த ஓரம்தான் மேற்கு மலைத்தொடர். அதன் முதுகில் விழும் மழை கிழக்குப் பக்கம் சரிந்தால் நியாபரோங்கோ, அககேரா ஆறுகள் வழியாக விக்டோரியா ஏரிக்குப் போய், நைல் நதியாகி மத்தியதரைக் கடலைச் சேரும். மேற்குப் பக்கம் சரிந்தால் கிவு, ருசிசி, டாங்கனிக்கா ஏரி என்று சுற்றி, காங்கோ நதியோடு அட்லாண்டிக்கில் கலக்கும்.

சைக்கிள்காரருக்கு இதில் முக்கியமான சங்கதி, ஓடைகள் ஓடும் திசை. மேற்குச் சரிவின் ஓடைகள் எல்லாம் மலை முதுகிலிருந்து நேரே ஏரிக்கு இறங்குகின்றன, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக. ஏரிக்கரையை ஒட்டிய பாதையோ வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. எனவே ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு தடவை இறங்கி, ஒரு தடவை ஏறியாக வேண்டும். வரைபடத்தில் 'ஏரிக்கரையோரமாக 45 கிலோமீட்டர்' என்று பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் இருட்டிய பிறகு வந்து சேர்வது இதனால்தான். ஏரி எப்போதும் கண்ணுக்குத் தெரியும். பாதி நேரம் ஐந்நூறு மீட்டர் கீழே தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம். 70 கிலோ ஆள், சைக்கிளும் பைகளும் சேர்த்து 30 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் மண் பாதையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 160 வாட் சக்தி வேண்டும். பழகிய கால்களுக்கு ஒரு மணி நேரம் அது முடியும், நாள் முழுக்க முடியாது. போதாக்குறைக்கு 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மலைச் சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 36 பல் என்று போட்டுக்கொண்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றேகால் மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு அறுபத்தைந்து சுற்று மிதித்தால் அந்த 5 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். கால் வலிக்கும், ஆனால் சுழலும்.

மூட்டைக்காரரின் வண்டியில் செயின்வீல் 44 பல், பிரீவீல் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கும் மேல் போகும். அவர் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மூட்டை 100 கிலோ. அதே மேட்டில் அவர் பெடல்மேல் சராசரியாக நூறு கிலோ அழுத்தம் போட வேண்டியிருக்கும். தன் முழு எடையோடு எழுந்து நின்றாலும் அறுபதுதான். ஆக, அவர் இறங்கித் தள்ளுவது சோம்பலும் அல்ல, பலவீனமும் அல்ல. வேறு வழி கிடையாது. லாரிகள் மெதுவாக ஏறும் இடங்களில் பின்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஓசியில் ஏறுவதும் உண்டு. சட்டப்படி அது குற்றம், போலீஸ் பிடிக்கும், உயிரும் போயிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இறக்கம் இன்னும் மோசம். அந்த 180 கிலோ பாரம் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்க வேண்டும். அந்தக் கறுப்பு சைக்கிளில் இருப்பது கம்பி இழுக்கும் பழைய பிரேக், ரிம்மை அழுத்த கட்டைவிரல் அளவு ரப்பர். நனைந்தால் அதுவும் வழுக்கும். அதனால் நீண்ட இறக்கங்களில் செருப்புக் காலைத் தரையில் உரசியபடி வருகிறார்கள். செருப்பும் பிரேக்கின் ஒரு பாகம்தான்.

இந்த ஓட்டுநர்களுக்குக் கின்யாருவாண்டா மொழியில் 'அபன்யோன்சி' என்று பெயர், ஒருவரானால் 'உமுன்யோன்சி'. சைக்கிள் 'இகாரே'. கிழங்கு, வாழைத்தார், கரி மூட்டை, பால் கேன், தண்ணீர் கேன், செங்கல், ஆட்டுக்குட்டி, அப்புறம் மனிதர்கள். கேரியரில் மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டால் அதுவே டாக்ஸி. கிகாலியின் முக்கியச் சாலைகளில் இவர்களுக்கு இடமில்லை. அங்கே மோட்டார் சைக்கிள் டாக்ஸிகளின் ராஜ்யம். அவற்றில் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் வண்டிகள் ஏராளம் என்பது நம்மவர்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியம். நகரத்தை விட்டு வெளியே வந்தால் சைக்கிள்தான்.

இன்னொரு வண்டி மரச் சைக்கிள். ருவாண்டாவில் 'இகிசுகுட்டு', எல்லைக்கு அப்பால் காங்கோவின் கோமா நகரத்தில் 'சுக்குடு'. பெடல், செயின் எதுவும் கிடையாது. யூகலிப்டஸ் போன்ற கெட்டி மரத்தில் ஒரு நீளப் பலகை, இரண்டு மரச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிப் பழைய டயர் ரப்பர். ஒரு முட்டியைப் பலகையில் ஊன்றி, மறு காலால் தரையை உந்தி ஓட்டுகிறார்கள். மேட்டில் தள்ளுவார்கள், இறக்கத்தில் முட்டைக்கோசும் கரியுமாகப் பறப்பார்கள். வெளிப்பார்வைக்குக் குழந்தைகளின் ஸ்கூட்டரைப் பெரிதாக்கியது போல இருக்கும். ஆனால் விளைச்சல் மேலே, சந்தை கீழே என்ற ஊரில் பெடல் எதற்கு? பாரம் இறங்கும், வெறும் வண்டி ஏறும். அந்த நிலத்துக்கு அளவெடுத்துச் செய்த வண்டி அது.

ருவாண்டா சைக்கிளின் நவீன கதை தொடங்குவதும் இந்த மர வண்டியிலிருந்துதான். மலைச் சைக்கிளை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான கலிஃபோர்னியாவின் டாம் ரிச்சி 2005-இல் ருவாண்டாவுக்கு வந்தார். மர வண்டிகளைப் பார்த்துச் சொக்கிப்போய் அடுத்த ஆண்டே அவற்றுக்கும் இடம் வைத்து ஒரு பந்தயம் நடத்தினார். அதைவிட உருப்படியான காரியம் அவர் வடிவமைத்த காபி சைக்கிள். காபிப் பழத்தைப் பறித்த சில மணி நேரத்துக்குள் தோல் நீக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் புளித்துத் தரம் கெடும், விலை குறையும். தலைச்சுமையாகவோ தள்ளுவண்டியாகவோ மலை இறங்கி ஏறினால் அந்த நேரம் போதாது. பின்பக்கத்தை நீட்டி, 100 கிலோவுக்கு மேல் ஏற்றும்படி கேரியர் வைத்து, கியரும் நல்ல பிரேக்கும் பொருத்தினார்கள். சிறுகடன் மூலம் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மேலே போட்ட கணக்கு அங்கே மாறிவிடுகிறது: மூட்டையோடு மிதித்தே ஏறலாம். ஆனாலும் மலிவான கறுப்பு சைக்கிளை அது ஓரங்கட்டிவிடவில்லை. கியர் வைத்த வண்டிக்கு உதிரிப் பாகம் வேண்டும், பாகத்துக்குக் காசு வேண்டும்.

பந்தயக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். ரிச்சியின் அழைப்பில் 2007-இல் வந்தவர் ஜோனதன் போயர், 1981-இல் டூர் டி பிரான்ஸ் ஓட்டிய முதல் அமெரிக்கர். மூட்டையும் ஆளும் ஏற்றிப் பழகிய அபன்யோன்சிகளிடையே அவர் வீரர்களைத் தேடினார். துட்சி இன மக்கள் கொன்றுகுவிக்கப்பட்ட 1994 இனப்படுகொலையில் ஆறு சகோதரர்களை இழந்த அட்ரியன் நியோன்ஷுட்டி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக் கொடியை ஏந்தி வந்து, மலைச் சைக்கிள் போட்டியை 39-ஆம் இடத்தில் முடித்தார். 1988-இல் தொடங்கிய டூர் டு ருவாண்டா 2009-இல் சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு அதை வென்ற முதல் உள்ளூர்க்காரர் வாலென்ஸ் இந்தாயிசெங்கா, 2014-இல்.

2025 செப்டம்பரில் உலக சாலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் கிகாலிக்கு வந்தது. ஆப்பிரிக்க மண்ணில் முதல் தடவை. ஆண்கள் பந்தயம் 267.5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 5,475 மீட்டர். உலகத்தின் தலைசிறந்த ஓட்டிகள் கிளம்பினார்கள், முடித்தவர்கள் 30 பேர்தான். ததேய் பொகாச்சார் வென்றார். கிகாலியின் மேற்கே 'சுவர்' என்று பேர்பெற்ற ஒரு கல் பாவிய ஏற்றம் இருக்கிறது. நீளம் 400 மீட்டர், சரிவு சராசரி 11 சதவீதம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து உலகம் வாயைப் பிளந்தது. மேலே நம் மூட்டைக்காரருக்குப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதே சரிவுக்குத்தான்.

பயணிகளின் பாதைக்கு வருவோம். பேர்பெற்றது காங்கோ–நைல் பாதை. வடக்கே ரூபாவுவிலிருந்து (பழைய பெயர் கிசெனி) தெற்கே ருசிசி மாவட்டம் வரை, கிவு ஏரியை ஒட்டி 227 கிலோமீட்டர். நடந்தால் பத்து நாள், சைக்கிளில் ஐந்து நாள் என்று பிரித்திருக்கிறார்கள். வழியில் கினுனு, கரோங்கி போன்ற ஊர்களில் தங்கலாம். காபித் தோட்டம், தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ் தோப்பு, படிப்படியாக வெட்டிய வயல்கள் என்று மாறிமாறி வரும். ஏரியில் முதலை இல்லை, நீர்யானை இல்லை, குளிக்கலாம். சாயங்காலம் மூன்று படகுகளை ஒன்றாகக் கட்டி, நீண்ட கழிகளில் வலையைத் தொங்கவிட்டு மீனவர்கள் கிளம்புவார்கள். துடுப்பு போட்டபடியே பாடுவார்கள். அவர்கள் பிடிப்பது 'சம்பாசா' என்ற நெத்திலி அளவு மீன், டாங்கனிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். வறுத்துத் தின்றால் எங்கேயோ தின்ற ருசியாக இருக்கும்.

'பாதை' என்ற சொல்லில்தான் குழப்பம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ மலைச் சைக்கிள் பாதை என்றால் காட்டுக்குள் அதற்கென்றே வெட்டியது, விளையாட்டு மைதானம் மாதிரி. ருவாண்டாவில் 2022 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 32 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 500 பேர். அவர்கள் காலங்காலமாகக் கூட்டமான கிராமங்களில் வாழவில்லை. குன்று முழுக்கச் சிதறி, தோட்டத்துக்கு நடுவில் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அதனால் ஒவ்வொரு சரிவிலும் வீட்டிலிருந்து கிணற்றுக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, தேவாலயத்துக்கு என ஒற்றையடிப் பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. பயணி 'அருமையான டிரெயில்' என்று கொண்டாடுவது யாரோ ஒருவரின் வீட்டு வாசல். வளைவைத் தாண்டினால் தலையில் வாழைத்தாரோடு ஓர் அம்மா வருவார், தண்ணீர் கேனோடு பத்து வயதுப் பிள்ளை வரும். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு அங்கே பாய்ந்து இறங்குவதை வீரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. மணியை அடித்து, வேகத்தைக் குறைத்து, 'முராஹோ' என்று வணக்கம் சொல்லிப் போவதுதான் முறை.

பிள்ளைகள் விடமாட்டார்கள். மேட்டில் நீங்கள் மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறும்போது பக்கத்திலேயே ஓடிவருவார்கள். வெள்ளைக்காரர் என்றால் 'முசுங்கு!', நம் நிறத்தவர் என்றால் 'முஹிந்தி!'. சாயங்காலம் நான்கு மணிக்கும் 'குட் மார்னிங்!' 'அகசுப்பா' என்று கேட்டால் காலித் தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று அர்த்தம். மேடு செங்குத்தானால் பின்னால் வந்து தள்ளியும் விடுவார்கள்.

இந்தப் பாதையை இப்போது தின்றுகொண்டிருப்பது தார். ரூபாவுவையும் ருசிசியையும் கரோங்கி வழியாக இணைக்கும் தார்ச்சாலை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் துண்டுதுண்டாக வந்து சேர்ந்துவிட்டது. மண் பாதையின் சுகம் போச்சே என்று பயணிகள் புலம்புகிறார்கள். நியாயம்தான். ஆனால் மழைக்காலத்தில் அந்த மண் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். நனைந்த செங்களிமண் டயரில் ஒட்டி, பிரேக்கில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கி நடக்க வேண்டியதுதான். பயணிக்கு அது ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை. பிரசவ வலி எடுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு? தார்ச்சாலை ஏற்றத்தையும் சற்றே தளர்த்திக் கொடுத்திருக்கிறது. லாரி ஏறும்படி வளைத்துப் போட்ட சாலை என்பதால் ஒற்றையடிப் பாதையைவிடச் சரிவு குறைவு. மூட்டைக்காரருக்கும் தள்ளுவது லேசு.

தெற்கே போகிறவர்கள் நியுங்வே காட்டையும் கடப்பார்கள். 1,019 சதுர கிலோமீட்டர் பழைய மழைக்காடு, 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் ஊர் கிடையாது, கடை கிடையாது, குளிர் உண்டு, குரங்குகள் உண்டு. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மற்ற இடங்களில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சாலையோர டீக்கடையில் இஞ்சி போட்ட பால் டீ பிளாஸ்கில் இருக்கும், கூடவே 'சப்பாத்தி' என்ற பெயரிலேயே நம் சப்பாத்தி. 'இகிவுகுட்டோ' என்ற புளித்த பால் கிடைத்தால் விடாதீர்கள். மேடு ஏறி வந்தவருக்கு அதைவிட மேலான பானம் இல்லை.

காலம் பார்த்துப் போக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல உலர் பருவம். மார்ச் முதல் மே வரை பெருமழை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்கச் சாயங்காலம் ஆறு மணியளவில் இருட்டிவிடும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை நாடே 'உமுகண்டா' என்ற பொதுப்பணியில் இருக்கும். முற்பகல் வரை கடை திறக்காது. ஏப்ரல் 7-இல் இனப்படுகொலை நினைவு வாரம் தொடங்குகிறது. கேளிக்கைக்கு இடமில்லாத நாட்கள். கரோங்கிக்கு அருகே பிசெசேரோ உட்பட நினைவிடங்கள் பாதையோரமாகவே இருக்கின்றன. சிரித்துக் கையசைத்து வழி சொன்ன ஊரில் 1994-இல் நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டு போவது நல்லது. 2025 தொடக்கத்தில் எல்லைக்கு அப்பால் கோமாவும் புகாவுவும் எம்23 கிளர்ச்சிப் படையிடம் விழுந்தன. காங்கோ–நைல் பாதையின் வட முனை கோமாவை ஒட்டியே இருப்பதால் கிளம்புமுன் நிலவரம் விசாரித்தாக வேண்டும்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்கைவிடக் கேபிள் பிரேக் மேல், அறுந்தால் எந்தச் சந்தையிலும் கேபிள் கிடைக்கும். பெரிய 29 அங்குல டயர் கிகாலிக்கு வெளியே கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. மற்றபடி பஞ்சருக்கும் செயினுக்கும் பயம் வேண்டாம். அபன்யோன்சி இருக்கும் ஒவ்வொரு நாற்சந்தியிலும் மரத்தடியில் பம்பும் ஸ்பானரும் ஒரு வாளித் தண்ணீருமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, தேய்த்து, ஒட்டிக் கொடுப்பார். இனிமேல் ஒட்டுப் போட இடமே இல்லை என்று ஆகிப்போன டியூபை அவரிடமே விட்டுவிட்டு வரலாம். நீங்கள் அடுத்த மேட்டைத் தொடுவதற்குள் அதை நீளவாக்கில் வெட்டியிருப்பார். கிழங்கு மூட்டை கட்ட யாராவது வாங்கிப் போவார்கள்.